15,000 ரூபாயில் வீட்டில் பாட்டுப் பதிவு: எதை வாங்குவது, எதை விடுவது

திருச்சியில் இருக்கும் என் அக்கா மகள் வாட்ஸ்ஆப்பில் நான்கு லிங்க் அனுப்பியிருந்தாள். ஒன்று யூஎஸ்பி மைக். ஒன்று ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. ஒன்று ஸ்டாண்டும் பஞ்சும் சேர்த்து விற்கிற கண்டென்சர் மைக் கிட். இன்னொன்று கையடக்க ரெக்கார்டர். கீழே ஒரே வரி: "மாமா, கைல 15,000 இருக்கு. இதுல எது வாங்கட்டும்?"

அவள் எட்டு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். கரோக்கியில் சினிமாப் பாட்டும் பாடுவாள். அவள் தம்பி மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். வீடு முதல் மாடியில், பஸ் போகிற ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே. அவர்கள் பதிவு செய்ய நினைத்த அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. டைல்ஸ் தரை, சுண்ணாம்பு பூசிய சுவர், மேலே ஃபேன். நம் ஊரில் பெரும்பாலான வீட்டு அறைகள் இப்படித்தான் இருக்கின்றன. எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த அறையிலேயே இருக்கிறது.

அந்த மைக் கிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதில் ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் 2,000 ரூபாய்க்குள் அப்படி ஒரு கிட் வாங்கினேன். பெரிய மைக், இரும்புக் கை, வலைத்திரை எல்லாம் பார்க்க ஸ்டுடியோ போலவே இருந்தது. மைக்கிலிருந்து வந்த கேபிளின் மறுமுனையில் இயர்போன் பின் மாதிரி ஒரு பின். லேப்டாப்பில் செருகிப் பாடினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சன்னமாகவும் அதைவிடச் சத்தமாக ஓர் இரைச்சலும் கேட்டது. ஆறு மாதம் என் குரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முறையான கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். பேண்டம் பவர் என்று சொல்வார்கள். அது எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் கேபிள் வழியாக இன்டர்ஃபேஸிலிருந்தோ மிக்சரிலிருந்தோ போக வேண்டும். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் வருவது சில வோல்ட்தான். அதனால் அந்த லிங்கை முதலிலேயே நீக்கச் சொன்னேன்.

மிச்சம் மூன்று. அவற்றோடு அவள் நினைத்துப் பார்க்காத இரண்டையும் நான் சேர்த்தேன்: கையில் இருக்கும் போன், ஊரில் இருக்கும் ஸ்டுடியோ.

ஸ்டுடியோவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப் பதிவு பற்றிப் பேசுபவர்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அக்கா விசாரித்த இடங்களில் மணிக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை கேட்டார்கள். 15,000 ரூபாய்க்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். ஒரு போட்டிக்கோ வாய்ப்புக் கேட்டு அனுப்பவோ ஒரே ஒரு நல்ல பதிவு போதும் என்றால் ஸ்டுடியோவுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். நல்ல மைக், அடக்கமான அறை, கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் மூன்றும் அந்தப் பணத்துக்குள் அடக்கம். ஆனால் இவளுக்கு வேண்டியது அது இல்லை. வாரத்துக்கு நாலு நாள் பாடிப் பதிந்து, கேட்டு, திருத்திக்கொண்டு, மறுபடி பாட வேண்டும். மணிக்கணக்கில் காசு ஓடும் இடத்தில் அதைச் செய்ய முடியாது.

அடுத்து போன். இதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். இன்றைய போன் மைக்குகள் அளவில் கடுகு மாதிரி இருந்தாலும் நன்றாகவே கேட்கின்றன. சிக்கல் மைக்கில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருளில் இருக்கிறது. போன் பேச்சுக்காகவே செய்யப்பட்டது. குரல் சன்னமானால் அளவைத் தானே ஏற்றும், ஓங்கினால் தானே இறக்கும். பேசும்போது இது உதவி. ஆலாபனை செய்யும்போது என்ன ஆகும் தெரியுமா? மந்தர ஸ்தாயியில் மெதுவாகப் பிடித்த பிடியும் தாரஸ்தாயியில் நின்று கொடுத்த கார்வையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் தம்புரா சத்தம் குபுகுபுவென்று மேலே ஏறும், மறுபடி பாட ஆரம்பித்ததும் அடங்கும். இரைச்சல் நீக்கும் வசதியும் சேர்ந்துகொண்டால் தம்புராவையே இரைச்சல் என்று நினைத்து அரித்துத் தின்றுவிடும்.

இதைப் பாதிக்கு மேல் சமாளிக்கலாம். அளவைக் கையால் வைக்க விடுகிற, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கிற ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் என்றால் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் ஆடியோ தரத்தை லாஸ்லெஸ் என்று மாற்றலாம். ஃப்ளைட் மோடில் போடுங்கள். மேசைமேல் கிடத்தாமல், ஒரு சொம்பில் துணியைத் திணித்து அதன்மேல் நிறுத்தி, வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். கரோக்கிக்கு இரண்டு போன் வேண்டும்: ஒன்றில் இயர்போன் மாட்டி இசையைக் கேட்டுக்கொண்டு, இன்னொன்றில் குரலை மட்டும் பதிய வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்கலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஓடாது. ஐந்து நிமிடப் பாட்டின் கடைசியில் சின்ன நழுவல் தெரியலாம். நடுவில் ஓர் இடத்தில் வெட்டி நகர்த்தினால் சரியாகிவிடும். அப்புறம், பதிவை யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது, தரம் குறையாமல் போக, டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

முதல் ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம், போனிலேயே பதிந்து பார் என்றுதான் அவளிடம் சொன்னேன். பொறுமை இருக்கிறதா, பதிந்ததைத் திரும்பக் கேட்கப் பிடிக்கிறதா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அவளுக்குப் பிடித்திருந்தது.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

யூஎஸ்பி மைக்கின் பலம் எளிமை. ஒரே கேபிள், செருகினால் வேலை செய்யும், தனியாக மின்சாரம் வேண்டாம். தனியாகப் பாடுபவர், கரோக்கி பாடுபவர், பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர் என்று ஒற்றை ஆளுக்கு இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் நாளைக்கு இரண்டாவது மைக் வேண்டும் என்றால் அங்கே கதவு அடைபட்டுவிடும். இரண்டு யூஎஸ்பி மைக்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஓட வைப்பது பெரும் தொல்லை. போன் கதையில் பார்த்த அதே கடிகாரச் சிக்கல். அக்கா வீட்டில் மிருதங்கம் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வேண்டாம் என்றேன். வீட்டில் நீங்கள் மட்டும்தான் என்றால் என் பதில் மாறியிருக்கும். அப்போதும், யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் உள்ள டைனமிக் மைக்கைத் (மேடையில் பார்க்கிற, பேண்டம் பவர் வேண்டாத ரகம்) தேடுங்கள் என்பேன். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் அந்த ரகம். பிற்பாடு இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது.

கையடக்க ரெக்கார்டர் வேறு வேலைக்கானது. ஜூம் எச்1என் மாதிரியானவற்றில் இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். எதிரே நடப்பதை நடப்பது போலவே ஸ்டீரியோவில் பிடிக்கும். பாட்டு வகுப்பு, வீட்டுக் கச்சேரி, கோயில் நாகஸ்வரம் இவற்றுக்கு இதைப் போல ஒன்று கிடையாது. குருவிடம் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உபயோகம் என்று நினைக்கிறேன். அதே வரிசையில் வந்த எச்1எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகிறது. அதில் முன்கூட்டி அளவு வைக்கும் கவலையே இல்லை, பதிந்த பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இது அறையையும் சேர்த்தே பிடிக்கும். டைல்ஸ் தரை அறையில் வைத்தால் டைல்ஸ் தரை அறைதான் கேட்கும். விலையும் ஹெட்போனுக்கு இடமில்லாதபடி பட்ஜெட்டை இழுத்துவிடுகிறது.

ஆக இன்டர்ஃபேஸ் என்று முடிவாயிற்று. மைக்கின் சன்னமான மின்னலையைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யூஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி அது. இதில் ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: இரண்டு மைக் போடும் வசதி இருக்கட்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் ஒரு மைக்குக்கு மட்டும் இடம் உண்டு, 2ஐ2வில் இரண்டுக்கு. பெஹ்ரிங்கர் யூஎம்சி22வில் ஒன்று, யூஎம்சி202எச்டியில் இரண்டு. மிருதங்கத்துக்கு வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். இரண்டின் சத்தமும் வேறு வேறு. அதை ஒழுங்காகப் பிடிக்க என்றாவது ஒருநாள் இரண்டு மைக் தேவைப்படும். 192 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு) என்று அட்டையில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

பெட்டியோடு டைனமிக் மைக் வாங்குவதா, கண்டென்சர் வாங்குவதா என்பதில்தான் அவளுக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. "ஸ்டுடியோல எல்லாரும் கண்டென்சர்லதானே மாமா பாடறாங்க?" என்றாள். உண்மைதான். ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் 1966ல் வந்தது. நம் ஊர் மேடைகளில் இன்றைக்கும் அதையோ அதன் சாயலையோதான் பார்க்கிறோம். ஒரே அளவு சத்தத்துக்கு அது 1.85 மில்லிவோல்ட் கொடுக்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் 14.1 மில்லிவோல்ட் கொடுக்கும். ஏழரை மடங்கு. கண்டென்சரில் நாக்கு நுனி அசைவு, எழுத்தின் கூர்மை, வீணையில் மீட்டு விழும் கணம் எல்லாம் தெளிவாக வரும்.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வாங்காது என்று கடைகளில் சொல்வார்கள். அது அப்படியே உண்மை இல்லை. ஒரே தூரத்தில், ஒரே திசைத்தன்மையோடு (எந்தப் பக்கத்து ஒலியைப் பிடிக்கிறது என்பது) வைத்தால் இரண்டும் குரலையும் அறையையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் பிடிக்கும். வித்தியாசம் தூரத்தில் வருகிறது. மேடை மைக்கை உதட்டிலிருந்து 5 செ.மீ.யில் வைத்துப் பாடலாம், அது தாங்கும். கண்டென்சரை அவ்வளவு கிட்டே வைத்தால் 'ப', 'பு' வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். அதனால் 20 செ.மீ. தள்ளி வைப்பார்கள். நாலு மடங்கு தூரம் என்றால் குரல் 12 டெசிபல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட அளவை ஏற்றும்போது ஃபேனும் பஸ் ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கரும் அதே 12 டெசிபல் ஏறிவிடுகின்றன. அடக்கமான ஸ்டுடியோவில் இது பொருட்டில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டையே கெடுக்கும்.

கிட்டே வைப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. கர்நாடக சங்கீதம் பாடுபவர்களுக்கு அது முக்கியம். கமகத்தோடு தலை ஆடும். 5 செ.மீ.யில் பாடும்போது தலை இன்னொரு 5 செ.மீ. பின்னால் போனால் சத்தம் 6 டெசிபல் இறங்கும், கேட்பவருக்குப் பளிச்சென்று தெரியும். 20 செ.மீ.யில் அதே அசைவுக்கு 2 டெசிபல்தான். ரொம்பக் கிட்டே போனால் கீழ் ஸ்வரங்கள் தேவைக்கு மேல் பருத்தும் கேட்கும். நாலு விரல் தூரம் என்று அவளுக்கு ஒரு நடுவழி சொன்னேன். ஒருநாள் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினாள், பிடிபட்டுவிட்டது. உங்கள் அறை பஞ்சு மெத்தை, புத்தக அலமாரி, கனத்த திரைச்சீலை என்று அடங்கிய அறையாகவும் தெரு அமைதியாகவும் இருந்தால், அல்லது வாசிப்பது வீணை, வயலின் போன்ற நுணுக்கமான வாத்தியமாக இருந்தால், கண்டென்சரே வாங்குங்கள். சன்னமான வாத்தியத்துக்கு டைனமிக் மைக் போட்டால் அளவை மிக ஏற்ற வேண்டிவரும், மலிவான இன்டர்ஃபேஸின் இரைச்சல் எட்டிப் பார்க்கும். குரலுக்கும் மிருதங்கத்துக்கும் அந்தக் கவலை இல்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்று கவனியுங்கள்: கண்டென்சருக்கு ஈரக்காற்று ஆகாது, படபடவென்று பொரியும். எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். பழைய கண்டென்சர் மைக்கைச் செகண்ட்ஹேண்டில் வாங்கவும் நான் தயங்குவேன். டைனமிக் என்றால் தயங்க மாட்டேன்.

கடைசியில் இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் 8,500, பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 என்ற டைனமிக் மைக் 2,300, எக்ஸ்எல்ஆர் கேபிள் 400, ஸ்டாண்ட் 900, காதை முழுக்க மூடும் ஒயர் ஹெட்போன் 2,500. மொத்தம் 14,600. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் இதெல்லாம் மாறும்.

ஹெட்போனில் மட்டும் ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். அதில் சத்தம் நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வருவது சாதாரணம், தாளம் போட்டுக்கொண்டு பாட முடியாது. ஒயர் ஹெட்போனை இன்டர்ஃபேஸில் செருகி டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். தம்புரா செயலியையும் ஹெட்போனிலேயே கேளுங்கள். அவள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறாள். அந்தத் தம்புராவைக் கம்ப்யூட்டரில் தனித் தடமாகப் போட்டுக்கொண்டு, குரலைத் தனியாகப் பதிகிறாள். பிறகு எவ்வளவு தம்புரா வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளலாம். சுருதியோடு சேர்கிற உணர்வு ஹெட்போனில் குறைகிறது என்றால் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு இதில் பணம் ஒதுக்கவில்லை. ஆடாசிட்டி இலவசம், குரலும் தம்புராவும் பதிய அதுவே போதும். தடங்கள் கூடக்கூட ரீப்பர் வசதி. பழைய 4 ஜிபி லேப்டாப்பிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடு பார்த்துவிட்டு 60 டாலர் கட்டலாம். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ டிரைவரை (பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) மறக்காமல் போடுங்கள்.

அறைக்கு நாங்கள் காசே செலவழிக்கவில்லை. முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்பதில் உண்மை இல்லை. மெல்லிய ஃபோம் ஷீட் உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும், அறை மூக்கடைத்தாற்போல் ஆகும். மெத்தையும் ரஜாயும் அவற்றைவிட எவ்வளவோ மேல். எங்கே வைக்கிறோம் என்பதுதான் பலரும் தவறுகிற இடம். இந்த மைக்குகள் முன்னால் இருப்பதைப் பிடிக்கும், பின்னால் இருப்பதை ஒதுக்கும். மைக்குக்கு முன்னால் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் சுவர். ஆகவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவள் பீரோவை, அம்மாவின் புடவைகளெல்லாம் தெரிய, விரியத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாடினாள். கைதட்டினால் கிண்ணென்று ஒலித்த அறை அந்த மூலையில் மட்டும் அடங்கிவிட்டது.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். திருச்சி வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. நாலைந்து நிமிடம் பாடு, நிறுத்து, ஃபேனைப் போடு, வியர்வை அடங்கட்டும், மறுபடி பாடு. அவர்கள் தெருவில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அமைதி. முதல் நாள் பதிவில் ஊங்காரமாக ஒரு சத்தம் வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விட்டதும் நின்றது. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட் உள்ள வீடுகளில் இது சகஜம். அளவு வைக்க, பாட்டின் ஆரம்பத்தைப் பாடிப் பார்க்காதீர்கள். அனுபல்லவியில் தாரஸ்தாயி ஷட்ஜத்தில் நிற்கிற இடத்தை முதலில் பாடி, அங்கே மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், அதைப் பிறகு ஒட்டவே முடியாது.

இன்னொன்று, எனக்கே தோன்றாதது. முதல் பதிவைக் கேட்டபோது பாட்டுக்கு அடியில் தப் தப் என்று ஏதோ கேட்டது. தொடையில் போட்ட தாளம். மடியில் நாலாக மடித்த துண்டைப் போட்டுக்கொண்டாள், போய்விட்டது.

தம்பியும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பதியத்தான் ஆசைப்பட்டார்கள். பாடுகிறவர் முகம் பார்த்து வாசிப்பதுதானே மிருதங்கம். ஆனால் அவ்வளவு சின்ன அறையில் மிருதங்கம் முழுக்க அவள் மைக்குக்குள் வந்துவிடுகிறது. இப்போதைக்கு அவள் பாடி முடித்த பதிவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, அதே மைக்கில் அவன் பின்னால் வாசித்துச் சேர்க்கிறான். மைக்கை அவனுக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி, இரண்டு தலைக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். தொப்பி கொஞ்சம் தூரமாகக் கேட்கிறது. தீபாவளிக்கு இரண்டாவது மைக் வந்ததும் அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம்.